ரோஸ்டரை முடித்த பிறகு லீக்கைத் தொடங்குங்கள்: வாசகர் கேள்வி – பதில்

என்பிஏ 2கே14 என்ற கூடைப்பந்து கம்ப்யூட்டர் ஆட்டம் வெளிவந்தது 2013 அக்டோபரில். அதன் பிறகு எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. ஆனாலும் மாட் போட்டு (ரசிகர்கள் செய்த மாற்று ஃபைல்களைச் சேர்த்து) ஆடுகிறவர்கள் இன்னும் அதை விடவில்லை. 2கே15-க்கு 64 பிட் விண்டோஸும் ஹார்ட் டிஸ்க்கில் 50 ஜிபி இடமும் வேண்டும். 2கே14 வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடிவிடும். சேலம், ஏற்காடு பக்கமிருந்து வந்த கடிதங்களும் அந்த ஆட்டத்தைப் பற்றியவைதான்.

கல்லூரி மாணவர், அம்மாபேட்டை: சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியை வைத்து அசோசியேஷன் மோடில் (ஓர் அணியைப் பல சீசன் நடத்தும் லீக்) மூன்றாவது சீசன் ஆடுகிறேன். புது ரோஸ்டர் (எல்லா அணிகளின் ஆட்டக்காரர் பட்டியல்) ஒன்றை இறக்கிப் போட்டேன். ஜெர்சியும் முகமும் மாறுகின்றன, ஆட்டக்காரர்கள் மட்டும் பழைய ஆட்கள்தான். போதாததற்கு என் பாயின்ட் கார்டுக்கு (பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரர்) வேறு யாருடைய முகமோ வந்துவிட்டது. எங்கே தப்பு?

தப்பு ஒன்றுமில்லை தம்பி. ஆட்டம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. மாட் வேலையில் இறங்கும் எவரும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்: சேவ் ஃபைலுக்கு உள்ளே இருப்பது எது, வெளியே இருப்பது எது.

அசோசியேஷனைத் தொடங்கும் அந்த நிமிடம், அப்போது லோட் ஆகியிருக்கும் ரோஸ்டரை ஆட்டம் அப்படியே நகலெடுத்து உங்கள் சேவுக்குள் வைத்துக்கொள்கிறது. யார் எந்த அணி, என்ன ரேட்டிங், எத்தனை வருட ஒப்பந்தம், என்ன சம்பளம் எல்லாம் உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு நீங்கள் வெளியே எந்த ரோஸ்டரை மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் லீக் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

முகம், ஜெர்சி, தரை, அரங்கம் இவை வேறு. ஆட்டம் நிறுவிய ஃபோல்டரில் ஐஎஃப்எஃப் ஃபைல்களாகக் கிடக்கும் இவற்றை ஒவ்வொரு முறையும் அங்கிருந்துதான் ஆட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால் இவற்றை எந்த சீசன் நடுவிலும் மாற்றலாம்.

உங்கள் பாயின்ட் கார்டின் முகம் மாறிய கதையும் இதுதான். சேவுக்குள் ஆட்டக்காரருடைய முகம் கிடையாது, ஓர் எண் மட்டும்தான் இருக்கிறது. அந்த எண் 1234 என்றால் ஆட்டம் பிஎன்ஜி1234 என்ற ஃபைலை வெளியே தேடும். நீங்கள் புதிதாக இறக்கிய முகத் தொகுப்பில் அதே 1234-ஐ வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பழைய ஃபைல் மேல் புதியது ஏறிவிட்டது. பழைய தொகுப்பிலிருந்து அந்த ஒரு ஃபைலை மட்டும் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். இனிமேல் எந்தத் தொகுப்பைக் கொட்டும்போதும், 'இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றவா' என்று விண்டோஸ் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் சொல்லாதீர்கள். மாற்றப்படும் ஃபைல்களை முதலில் தனி ஃபோல்டரில் எடுத்து வையுங்கள்.

மூன்று சீசன் ஆடிய லீக்கில் ஓரிருவரை மட்டும் திருத்த வேண்டுமென்றால் வழி இருக்கிறது. ரெடிட்டர் 2 என்ற எடிட்டர் ரோஸ்டர் ஃபைலைப் போலவே அசோசியேஷன் சேவ் ஃபைலையும் திறக்கும். ஒருவருடைய ரேட்டிங், முக எண், ஒப்பந்தம் ஆகியவற்றை அங்கே மாற்றலாம். ஆட்டத்தை முழுதாக மூடிய பிறகு, சேவ் ஃபைலை நகலெடுத்து வைத்துவிட்டுத் திருத்துங்கள். ஆனால் 30 அணிகளையும் இப்படி மாற்ற முயலாதீர்கள். அந்த நேரத்தில் புது லீக்கே தொடங்கி ஒரு சீசன் ஆடிவிடலாம்.

வாசகர், ஓமலூர்: 2024-25 ரோஸ்டரை 2கே14-இல் போட்டு கிங்ஸோடு லீக் தொடங்கினேன். எந்த டிரேடும் (அணிகளுக்குள் ஆள் மாற்றம்) நடக்கவில்லை. எல்லா அணியும் வரிக் கோட்டுக்கு மேலே நிற்கிறது. சீசன் முடிந்ததும் நல்ல நல்ல ஆட்கள்கூட வாங்க ஆளில்லாமல் கிடக்கிறார்கள். ரோஸ்டர் கெட்டுப்போயிருக்கிறதா?

ரோஸ்டரில் பழுதில்லை. சம்பளம் இன்றைய விலையில் இருக்கிறது, ஆட்டத்தின் பணப்பெட்டி 2013-இல் நிற்கிறது. அதுதான் சிக்கல்.

2013-14 சீசனில் சம்பள உச்சவரம்பு, அதாவது கேப், 5.87 கோடி டாலர். சம்பளம் எல்லை மீறினால் அணி கட்ட வேண்டிய ஆடம்பர வரி தொடங்கிய கோடு 7.17 கோடி. 2024-25-இல் கேப் 14.06 கோடி. அந்த சீசனில் ஸ்டீஃபன் கர்ரி ஒருவருடைய சம்பளமே 5.58 கோடி. அவரை அப்படியே பழைய ஆட்டத்துக்குள் கொண்டுவந்தால் ஒரு ஆளே அணியின் கேப்பைக் கிட்டத்தட்ட முழுதாக விழுங்கிவிடுகிறார். மற்ற 14 பேருக்கு எங்கே போவது? எல்லா அணிக்கும் இதே கதி. கேப்பில் யாருக்கும் இடமில்லாததால், ஒப்பந்தம் முடிந்து வெளியே வருகிறவரை வாங்கக் கம்ப்யூட்டர் அணிகளிடம் காசு கிடையாது.

மருந்து எளிது. எல்லாச் சம்பளத்தையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும். 5.8679-ஐ 14.0588-ஆல் வகுத்தால் 0.417. கர்ரிக்கு 2.33 கோடி வரும். டியேரன் ஃபாக்ஸுக்கு 3.48 கோடி, அது 1.45 கோடியாகும் (அவர் 2025 பிப்ரவரியில் சான் அன்டோனியோவுக்குப் போய்விட்டார், சீசன் தொடக்க ரோஸ்டரில் கிங்ஸில்தான் இருப்பார்). 2013-14-இல் லெப்ரான் ஜேம்ஸ் வாங்கியது 1.91 கோடி, கோபி பிரையன்ட் 3.05 கோடி. குறைத்த பிறகு வரும் தொகைகள் அந்தக் காலத்து அளவோடு ஒத்துப்போவதைப் பாருங்கள்.

கீழ்மட்டத்திலும் ஒரு சோதனை. 2024-25-இல் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 11.57 லட்சம் டாலர். 0.417-ஆல் பெருக்கினால் சுமார் 4.83 லட்சம். 2013-14-இன் உண்மையான குறைந்தபட்சம் 4.90 லட்சம். கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்கிறது. எனவே பெருக்கிய பின் 4.90 லட்சத்துக்குக் கீழே போகிறவர்களை மட்டும் 4.90-க்கு ஏற்றிவிடுங்கள். உங்களுடையது 2025-26 ரோஸ்டர் என்றால் கேப் 15.46 கோடி, விகிதம் 0.379.

செய்முறை: ரோஸ்டரை எடிட்டரில் திறந்து ஒப்பந்தப் பத்திகளை அட்டவணையாக வெளியே எடுங்கள். எக்செல்லில் பெருக்கி, தசமம் இல்லாமல் முழு எண்ணாக்கித் திரும்ப ஏற்றுங்கள். முதல் வருடத்தை மட்டும் குறைத்துவிட்டு மற்ற வருடங்களை மறந்துவிடுவது பலர் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் முதல் சீசன் நன்றாக ஓடும், இரண்டாவது சீசன் பிறந்ததும் 30 அணியும் ஒரே நாளில் வரிக்குள் விழும். எல்லா வருடத்துக்கும் அதே விகிதம்தான்.

இன்னொன்று. இன்றைய லீக்கில் ஒவ்வொரு அணியும் வழக்கமான 15 பேர் போக, 2023-24 முதல் 3 பேரை டூ-வே ஒப்பந்தத்தில் (முதன்மை அணிக்கும் கீழ்மட்ட லீக் அணிக்கும் மாறி மாறி ஆடுபவர்கள்) வைத்துக்கொள்ளலாம். 2கே14-க்கு அந்த ஏற்பாடே தெரியாது. அந்த 3 பேரையும் தொடங்கும் முன்பே ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியிலும் இல்லாதவர்கள்) பட்டியலுக்குத் தள்ளிவிடுங்கள். ஒவ்வோர் அணியிலும் 13-லிருந்து 15 பேர் இருக்கட்டும்.

கடைசியாக ஆட்டமுறை. 2013-14-இல் ஒரு அணி ஓர் ஆட்டத்தில் எறிந்த த்ரீ (தூரத்திலிருந்து எறியும் மூன்று பாயின்ட் எறி) சராசரி 21.5. 2023-24-இல் அது 35.1. ஆட்களை மட்டும் மாற்றினால் போதாது. கம்ப்யூட்டர் அணிகளுக்கான ஸ்லைடரில் (ஆட்டப் போக்கை ஏற்றி இறக்கும் அளவுகோல்) த்ரீ எறியும் போக்கை ஐந்து ஐந்தாக ஏற்றி, 12 நிமிடக் குவார்ட்டர் (ஆட்டத்தின் கால் பகுதி) வைத்து ஓர் ஆட்டத்தில் எத்தனை எறிகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து நிறுத்துங்கள். எறிவது கூடட்டும், விழும் சதவீதத்தில் கைவைக்காதீர்கள். 2013-14 லீக் சராசரியே 36 சதவீதம், இன்றும் அதே சுற்றில்தான் இருக்கிறது.

வெள்ளிப்பட்டறை வீட்டுப் பையன், கொண்டலாம்பட்டி: ஓர் அணியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் 'சேலம்' என்று வைத்திருக்கிறேன். ஜெர்சியின் இரண்டு பக்கமும் கொலுசுச் சங்கிலி ஓடுகிற மாதிரி வரைந்தேன். போட்டோஷாப்பில் மணி மணியாகத் தெரிகிறது, ஆட்டத்தில் சாம்பல் கோடாகிவிடுகிறது. ஏன்?

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. சேலத்துக்கு ஜெர்சி போட்டால் அதில் கொலுசு இல்லாமல் எப்படி?

உங்கள் மணிகள் கரைவது, ஆட்டம் படிக்கும் பட வகையான டிடிஎஸ் ஃபைலாகச் சுருக்கும்போது. அதில் பயன்படும் டிஎக்ஸ்டி முறை படத்தை நான்குக்கு நான்கு பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறங்களைத்தான் எழுதி வைக்கும், மற்றவை அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கலவை. ஒரு மணி 3 பிக்சல் அகலம் என்றால் அதன் வெள்ளை, நிழல், பின்னால் இருக்கும் ஜெர்சி நிறம் மூன்றும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. மூன்றாவது நிறத்துக்கு அங்கே இடமில்லை. அதனால்தான் சாம்பல்.

ஒவ்வொரு மணியையும் குறைந்தது 12 பிக்சல் அகலமாக்குங்கள், இடைவெளி 8. மணியின் ஓரம் நான்கின் மடங்கில் விழும்படி கிரிட்டை 4-க்கு வைத்து வரையுங்கள். நிழலுக்குத் தனிச் சாம்பல் போடாமல், வெள்ளையிலிருந்து ஜெர்சி நிறத்துக்கே மங்க விடுங்கள். சலங்கை மணி, கண்ணி, பூ என்று மூன்று வகையையும் வரைய ஆசை வரும்தான். ஆட்டத்தின் கேமரா தூரத்தில் ஒன்றே ஒன்றுதான் நிற்கும். சலங்கை மணியை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விடுங்கள்.

சேமிக்கும்போது மிப்மேப் (தூரத்தில் காட்ட அதே படத்தின் சிறிய நகல்கள்) உருவாக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். இல்லையென்றால் ஆட்டக்காரர் ஓடும்போது சங்கிலி மின்னி மின்னிக் கண்ணை உறுத்தும். ஒளிபுகும் பகுதி இல்லாத படத்துக்கு டிஎக்ஸ்டி1, இருந்தால் டிஎக்ஸ்டி5. ஜிம்ப் 2.10 வரிசையிலேயே டிடிஎஸ் வசதி உண்டு, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் எடுத்த மூல ஃபைலின் அளவு எதுவோ அதே அளவில் திரும்பச் சேமியுங்கள்.

பெயரை எடிட்டரின் அணிப் பக்கத்தில் மாற்றலாம். நகரம், அணிப்பெயர், மூன்றெழுத்துச் சுருக்கம் மூன்றையும் மாற்றாவிட்டால் ஸ்கோர் பலகையில் ஓர் இடத்தில் சேலமும் இன்னோர் இடத்தில் பழைய ஊரும் வரும். வர்ணனையாளர் மட்டும் பழைய பெயரைத்தான் சொல்லுவார். அது பதிவு செய்யப்பட்ட குரல், எழுத்தை மாற்றினால் மாறாது.

வாசகர், மேட்டூர்: அரங்கம், தரை, முகம் எல்லாம் உயர்தரத்தில் போட்டேன். ஆட்டம் லோட் ஆகும்போதே மூடிக்கொள்கிறது. என் கம்ப்யூட்டரில் 16 ஜிபி ராம் இருக்கிறதே?

16 இருந்தாலும் ஆட்டம் அதைத் தொட முடியாது. 2கே14 ஒரு 32 பிட் புரோகிராம். சாதாரணமாக 2 ஜிபிக்கு மேல் அதற்குக் கைநீளாது. 4096-க்கு 4096 படம் ஒன்று டிஎக்ஸ்டி5-இல் 16 எம்பி, மிப்மேப்போடு 21-க்கு மேல். அதையே சுருக்காமல் வைத்தால் 64 எம்பி. 2048 என்றால் இந்த எண்களில் கால்வாசிதான். முகம், ஜெர்சிக்கு 2048 தாராளம். தரைக்கு மட்டும் 4096 வைத்துக்கொள்ளுங்கள்.

64 பிட் விண்டோஸில் இருந்தால், ஆட்டத்தின் எக்ஸ்இ ஃபைலில் 'பெரிய முகவரி' அனுமதியை இயக்கும் சின்ன பேட்ச் உண்டு. 4 ஜிபி பேட்ச் என்று சொல்வார்கள். எக்ஸ்இ-யை நகலெடுத்துவிட்டுப் போடுங்கள். பின்னால் ஸ்டீமில் ஃபைல்களைச் சரிபார்க்கச் சொன்னால் மூல எக்ஸ்இ திரும்ப வந்துவிடும், அப்போது பேட்சை மறுபடி போட வேண்டும். நீங்கள் கூடுதலாகப் போட்ட ஐஎஃப்எஃப் ஃபைல்களை ஸ்டீம் அழிக்காது.

அப்படியும் மூடிக்கொண்டால் ஏதோ ஒரு ஃபைல் கெட்டது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்காதீர்கள். பாதியை வெளியே எடுத்து ஓட்டுங்கள். ஓடினால் கெட்டது வெளியே எடுத்த பாதியில். அதில் பாதியைத் திரும்பப் போடுங்கள். 64 ஃபைல் இருந்தாலும் ஆறே முறையில் பிடித்துவிடலாம்.

பள்ளி மாணவர், ஏற்காடு: பனி இறங்கினால் எங்கள் பக்கம் நெட் நின்று நின்று வருகிறது. பெரிய மாட் ஃபைல் முக்கால்வாசியில் அறுந்துவிடுகிறது.

துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோட் மேனேஜரில் போடுங்கள். எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், பெயரை மாற்றக் கூடாது, முதல் துண்டை மட்டும் திறந்தால் போதும். சிஆர்சி பிழை (ஃபைல் சிதைந்திருக்கிறது என்ற அறிவிப்பு) என்று வந்தால் எந்தத் துண்டில் என்று அதுவே சொல்லும். அந்த ஒன்றை மட்டும் மறுபடி இறக்குங்கள். ரோஸ்டரும் முகமும் தருகிறேன் என்று சொல்லி ஓர் எக்ஸ்இ ஃபைலை மட்டும் நீட்டுகிற இடத்தில் கைவைக்காதீர்கள் தம்பி. ரோஸ்டருக்கும் முகத்துக்கும் எக்ஸ்இ தேவையே இல்லை.

வாசகர், ஆத்தூர்: டிமார்கஸ் கசின்ஸ் என் அணியின் உயிர். ஆனால் சராசரி 9, 10 பாயின்ட்தான் வருகிறது. ஆல்-ஸ்டார் பட்டியலிலும் பெயரில்லை. நன்றாகத்தானே ஆடுகிறேன்?

குவார்ட்டரை 5 நிமிடம் வைத்து ஆடுகிறீர்கள், சரியா? அப்படியானால் உங்கள் ஆட்டம் மொத்தம் 20 நிமிடம். மற்ற அணிகள் சிமுலேஷனில் (கம்ப்யூட்டர் தானே கணக்கிட்டு முடிக்கும் ஆட்டம்) 48 நிமிடம் ஆடுகின்றன. 2013-14-இல் கசின்ஸின் உண்மையான சராசரி 22.7 பாயின்ட், 11.7 ரீபவுண்ட். 22.7-ஐ 48-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஒன்பதரை. உங்கள் கசின்ஸ் குறை வைக்கவில்லை, கடிகாரம்தான் குறை வைக்கிறது.

சிமுலேஷன் குவார்ட்டர் நீளத்தைத் தனியாக மாற்றும் வசதி உங்கள் பதிப்பின் லீக் அமைப்பில் இருந்தால் அதையும் 5 ஆக்குங்கள். இல்லையென்றால் 12 நிமிடம் ஆடுவதே நேர்மையான வழி. 82 ஆட்டத்துக்கும் நேரமில்லை என்பவர்கள் சீசனை 29 ஆட்டமாக வைத்து, ஒவ்வொன்றையும் முழுதாக ஆடலாம். அல்லது 82-ஐ வைத்துக்கொண்டு, சொந்த மைதான ஆட்டங்களை மட்டும் ஆடி, வெளியூர் ஆட்டங்களை சிமுலேட் செய்யலாம். 12 நிமிடம் ஆடத் தொடங்கியதும் களைப்பு ஸ்லைடரைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு வைத்திருந்த அளவை அப்படியே விட்டால் இரண்டாம் குவார்ட்டரிலேயே எல்லோரும் நாக்குத் தள்ளுவார்கள். இரண்டிரண்டு புள்ளியாகக் குறைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று ஆட்டமாவது பாருங்கள்.

வாசகர், சூரமங்கலம்: சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. லீக் திறக்கவே மாட்டேன் என்கிறது.

பாதி எழுதிய சேவ் ஃபைலைப் பெரும்பாலும் மீட்க முடியாது. இனி மூன்று பெயரில் மாற்றி மாற்றிச் சேமியுங்கள், ஒன்று போனால் ஓரிரு ஆட்டம்தான் நஷ்டம். ஆட்டோசேவ் ஒரே ஃபைல் மேல்தான் எழுதும், அதை மட்டும் நம்ப வேண்டாம். டிரேட் கெடு, டிராஃப்ட் (அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் நாள்), சீசன் முடிவு இந்த மூன்று இடத்திலும் சேவ்ஸ் ஃபோல்டரையே பென் டிரைவில் நகலெடுங்கள். ரன் பெட்டியில் %ஆப்டேட்டா% என்று ஆங்கிலத்தில் தட்டி, 2கே ஸ்போர்ட்ஸ் ஃபோல்டருக்குள் போனால் அது இருக்கும். டெஸ்க்டாப் என்றால் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். சேமித்து மூட இரண்டு நிமிடம் கிடைத்தால் போதும்.

வாசகர், செவ்வாய்ப்பேட்டை: 2013-14 கிங்ஸோடு தொடங்கினேன். முதல் சீசன் முடிந்ததும் ஐசையா தாமஸ் வேறு அணிக்குப் போய்விட்டார். தடுத்திருக்க முடியுமா?

முடியும். 2011 டிராஃப்டில் 60-ஆவது ஆளாக, கடைசி ஆளாக, எடுக்கப்பட்டவர் அவர். 2013-14-இல் அவர் சம்பளம் வெறும் 8.84 லட்சம் டாலர், சராசரி 20.3 பாயின்ட். அந்த ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது. நிஜத்திலும் 2014 கோடையில் கிங்ஸ் அவரை ஃபீனிக்ஸுக்கு விட்டுவிட்டது.

மூன்று சீசன் உங்களிடம் இருந்த ஆளை, கேப்பைத் தாண்டியும் திரும்ப ஒப்பந்தம் செய்யலாம். பேர்ட் உரிமை என்பது அதுதான். தாமஸுக்கு அந்த மூன்று முடிகிறது. ஆகவே கேப் தடையல்ல, வரிக் கோடுதான் தடை. சீசன் தொடக்கத்திலேயே அடுத்த வருடச் சம்பளப் பட்டியலைப் பாருங்கள். உடனே முடிக்க வேண்டியது, வேலைக்கு ஆகாத நீண்ட ஒப்பந்தங்களை அந்த வருடமே முடியும் ஒப்பந்தங்களுக்கு மாற்றிவிடுவது. அதைப் பிப்ரவரி கெடுவுக்கு முன் செய்தாக வேண்டும்.

டிரேடில் சம்பளம் பொருந்த, அந்த ஆண்டு நிஜ லீக்கில் வரி கட்டும் அணி தான் அனுப்புவதில் 125 சதவீதமும் மேலே 1 லட்சம் டாலரும் வரை வாங்கலாம். 80 லட்சம் அனுப்பினால் 1.01 கோடி வரை. இந்தக் கணக்குக்குள் வைத்து முன்வைத்தால் சம்பளக் காரணத்தால் தள்ளுபடி ஆவது அரிது. வருங்கால முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பை அடுத்தடுத்த இரண்டு வருடத்துக்குக் கொடுக்க லீக் விதி இடம் தராது. ஒரு வருடம் விட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பள்ளி மாணவர், நாகலூர்: சத்னாம் சிங்கை என் அணியில் சேர்க்க வேண்டும். எப்படி?

2015 டிராஃப்டில் டல்லாஸ் மேவரிக்ஸ் 52-ஆவது ஆளாக எடுத்த, இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் ஆள் அவர். அதனால் 2கே14-இன் மூல ரோஸ்டரில் இல்லை. புது லீக் என்றால் தொடங்கும் முன் ரோஸ்டரில் ஓர் ஆட்டக்காரரை உருவாக்குங்கள்: சென்டர், 7 அடி 2 அங்குலம். ஏற்கெனவே ஓடும் லீக் என்றால் அந்த வருட டிராஃப்ட் பட்டியல் வந்த பிறகு, இரண்டாம் சுற்றில் எதிர்பார்க்கப்படும் ஓர் உயரமான சென்டரை எடிட்டரில் திறந்து பெயர், உயரம், முக எண் மூன்றையும் மாற்றுங்கள். ரேட்டிங்கில் ஆசை வைக்காதீர்கள் தம்பி, அந்த இரண்டாம் சுற்று ஆளின் எண்களையே விட்டுவிடுங்கள். வேகம் குறைவாகவும் பலம் கூடுதலாகவும் இருக்கட்டும். பெஞ்சிலிருந்து ஆறேழு நிமிடம் கொடுத்து வளர்த்துப் பாருங்கள்.